பட்டறையில் வைத்த வெயில்

என் பிள்ளைக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. அதனால் குறுக்கே பேசாமல் கேட்பாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். நீ மகனா மகளா என்று தெரியாது. உன் அப்பா யார் என்றும் தெரியாது. தெரிந்திருந்தால் என் அம்மா என்னை நாளைக்கு வீட்டை விட்டு வெளியே விடமாட்டாள். எனக்குப் பதினேழு முடிந்து பதினெட்டு நடக்கிறது. காலையில் திருச்சிக்குப் பஸ் ஏறுகிறேன், மின்னியல் படிக்க, ஹாஸ்டலுக்கு. பிள்ளை ஊரை விட்டுக் கிளம்பும்போது பெற்றவர்கள் புத்தி சொல்லிக் கடிதம் எழுதுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் எழுதுகிற மாதிரித் தெரியவில்லை. அம்மா ஊறுகாய் பாட்டிலுக்குப் பொருந்துகிற மூடியைத் தேடிக்கொண்டிருக்கிறாள், அப்பா வயலில். சரி, எனக்கு வராத கடிதத்தை உனக்காவது அனுப்பிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். உனக்கு இருபத்தைந்து வயதாகும்போது எனக்கு ஐம்பது தாண்டியிருக்கும். அந்தப் பொம்பளை தான் செய்த தப்பையெல்லாம் வசதியாக மறந்துவிட்டு, "நாங்கல்லாம் ஒங்க வயசுல" என்று ஆரம்பிப்பாள். அவளை நம்பாதே. தப்பு சூடாக இருக்கும்போதே நான் சொல்லிவிடுகிறேன். நாலு வரி எழுதி, அரைக் கொட்டகை விதை வெங்காயத்தை அழுகவைத்தவள் உன் அம்மா.

எங்கள் ஊர் சிறுவாச்சூரிலிருந்து உள்ளே திரும்புகிற ரோட்டில் இருக்கிறது. சிறுவாச்சூர்க் காளி வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பாள். சூரியன் எங்களுக்கு ஏழு நாளும் திறந்தே கிடப்பான். மானாவாரிக் கரிசல் மண். பருத்தி, மக்காச்சோளம், கிணறு இருக்கிறவர்களுக்குச் சின்ன வெங்காயம். சின்ன வெங்காயத்துக்கு எங்கள் பக்கம் விதைக்கென்று தனியாகக் கடைக்குப் போவதில்லை, வெங்காயமேதான் விதை. தை, மாசியில் எடுத்ததில் நல்லதாகப் பார்த்து ஒதுக்கி, தாளோடு காயவைத்து, ஆனியில் ஊன்றுகிற வரைக்கும் காப்பாற்ற வேண்டும். அதற்குத்தான் பட்டறை. தரையில் கல் வைத்து, மேலே மூங்கில் பரப்பி, நாலு பக்கமும் காற்றுப் போக ஒல்லியாக உயர்த்தி அடுக்கி, தலைக்குக் கீற்றுப் போட்டு மூடுவது. எடுத்த அன்றைக்கே விற்றால் வெங்காயத்துக்கு மரியாதை இருக்காது, ஊர் முழுக்க அன்றைக்குத்தான் எடுத்திருக்கும். பட்டறை போட்டவன்தான் பொறுத்து விற்பான், அடுத்த பட்டத்துக்கு ஊன்றவும் செய்வான். இதை மனதில் வைத்துக்கொள். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகிற மின்சார விஷயம் முழுக்க இந்தப் பட்டறைக்குள்தான் இருக்கிறது.

நான் பத்தாவது படித்தபோது ஒரு பெருங்காற்று எங்கள் பட்டறையின் கீற்றைத் தூக்கிக்கொண்டு போனது. மறு வருஷம் விலை ஏறின நேரத்தில் பக்கத்து வயல் பட்டறையில் திருடன் கைவைத்தான். அப்பா யோசித்துவிட்டு, செங்கல் வைத்துக் கட்டி, தகரம் போட்டு, பூட்டுப் போடுகிற மாதிரி ஒரு கொட்டகை எழுப்பினார். திருடன் வரமுடியாது. காற்றும் வரமுடியாது. வெங்காயம் மூச்சு விடுகிற பண்டம், அடைத்து வைத்தால் வியர்க்கும், வியர்த்தால் அழுகும். அதற்காகச் சுவரில் நாலு ஃபேன் பதித்தார், உள்ளே இருக்கிற புழுக்கத்தை வெளியே தள்ளுகிற மாதிரி. வயலில் இருக்கிற இலவச மின்சாரம் கிணற்று மோட்டாருக்கு மட்டும். அதில் ஃபேன் மாட்டினால் கரண்டு ஆபீஸில் இருந்து வந்து கேட்பார்கள். அதனால் தகரத்துக்கு மேலே சோலார் பேனல். பெரம்பலூரில் மெஹர் அக்கா கடையில் வாங்கினோம். அக்கா அப்போதே சொன்னார்: "அண்ணே, பகல்ல ஃபேன் பிச்சுக்கிட்டு ஓடும். பொழுது சாஞ்சா நின்னுரும். மழை நாள்ல பகலும் ராத்திரி மாதிரிதான். ஒரு பேட்டரி சேத்துப் போட்டுக்கங்க." பேட்டரி விலையைக் கேட்டதும் அப்பா நெஞ்சில் கை வைத்தார். மேலே இருக்கிற பேனல் எல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு பெட்டிக்குச் சமமாக வரவில்லை. "வெயில் ஓசி, வெயிலைப் புடிக்கிற கண்ணாடியும் சல்லிசு, அதை எடுத்து வெக்கிற டப்பாவுக்கு இவ்வளவா" என்று கேட்டுவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டார்.

இப்போது என் கைவரிசைக்கு வருகிறேன். அம்மாவின் தம்பி, என் மாமா, அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் லாரி ஓட்டுகிறார். லாரியில் ஏற்றுவது சிமெண்ட், போனில் ஏற்றுவது வதந்தி. காய்ச்சல் வந்தால் காலுறைக்குள் வெங்காயம் வைத்துப் படுக்கச் சொல்லி எங்களுக்கு அனுப்பியவர் அவர். அவரை ஒரு நாள் மாட்டிவிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பங்குனியில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து தட்டினேன்: "முக்கியச் செய்தி. சித்திரை முடிந்ததும் சோலார் பேட்டரி விலை பாதியாகக் குறைகிறது. இப்போது வாங்குபவர்கள் ஏமாறாதீர்கள். விவசாயிகள் அனைவருக்கும் பகிரவும்." ஒரு கிளாஸ் தோழியின் போனிலிருந்து சுற்றிவிட்டு மாமாவுக்குப் போய்ச்சேரும்படி பார்த்துக்கொண்டேன். அவர் அதைச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போடுவார், நான் ஒரு நாள் கழித்து "மாட்டினீங்களா மாமா" என்று சிரிப்பேன், இதுதான் திட்டம். ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே அப்பா போனை நீட்டிக்கொண்டு வந்தார்.

"பாத்தியா, நல்லவேளை நாம வாங்கல."

"அது மாமா அனுப்பினதுப்பா. அவரு சொன்னா நம்பலாமா?"

"ஒங்க மாமா மட்டும் அனுப்பினா நான் ஏன் நம்புறேன்? மூணு பேரு அனுப்பியிருக்காங்கடி. உரக்கடைக்காரரே அனுப்பியிருக்காரு."

என் பொய் ஊரைச் சுற்றிவிட்டு, வேட்டி சட்டை போட்டுக்கொண்டு பெரிய மனுஷனாக வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். சிரிப்பு வந்தது, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து அப்பா கொட்டகைக்கு ஒயர் வாங்கப் பெரம்பலூர் போனார். நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். இந்த இடத்தை மெதுவாகப் படி, நான் உனக்குச் சொல்ல நினைக்கிற தப்பு இதுதான். மெசேஜ் இரண்டாவதுதான்.

"ஏம்மா, பேட்டரி வெல பாதியாவப் போவுதாமே" என்று அப்பா ஆரம்பித்தார்.

மெஹர் அக்கா ஒயரை அளந்துகொண்டே கேட்டார், "யாருண்ணே சொன்னது?"

"எல்லாருந்தான் சொல்றாங்க."

"கொறையும்ணே. நான் கடை தொறந்தப்ப இருந்த வெல இப்ப இல்ல. இன்னுங் கொறையும். ஆனா சித்திரையோட பாதின்னு எனக்கு யாரும் சொல்லலியே."

"ஒனக்கு எப்படிச் சொல்லுவாங்க? சொன்னா இருக்கற சரக்கை நீ யாருகிட்ட விப்ப?"

அக்கா அளப்பதை நிறுத்திவிட்டார். "அல்லாவுக்குப் பொதுவாச் சொல்றேண்ணே. ஒங்க வெங்காயம் அழுவுனா எனக்கு என்ன லாபம்? சித்திரைக் கடைசியில ஒரு மழை வரும். அதுக்கு முன்னாடி மாட்டிருங்க. மொத்தமா வேணாம், சின்னதாவாவது."

அப்பா என் பக்கம் திரும்பினார். "படிச்ச புள்ள நீ சொல்லு பாப்பா. வாங்கலாமா, பொறுக்கலாமா?"

கடையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா என்னைப் பார்த்தார், அப்பா என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அந்த மெசேஜ் யார் எழுதியது என்று சொல்ல வேண்டும். நான் ஒயர்க் கட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "பொறுத்துப் பாக்கலாம்பா." அப்பா அக்காவிடம், "கேட்டியா" என்றார். என்னவோ அவர் ஜெயித்துவிட்ட மாதிரி. வழியெல்லாம் எனக்குச் சர்பத் வாங்கித் தரட்டுமா என்று வேறு கேட்டுக்கொண்டு வந்தார்.

அக்கா சொன்ன மாதிரியே சித்திரைக் கடைசியில் மழை பிடித்தது. கோடை மழை என்றால் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போகும். இது நாலு நாள் விடவே இல்லை. வானம் ஈயம் பூசின பாத்திரம் மாதிரி, பகலிலேயே ஃபேன் நினைத்தால் சுற்றும், நினைத்தால் நிற்கும். ஐந்தாம் நாள் கதவைத் திறந்தபோது வந்த நாற்றத்தைக் கடிதத்தில் வைத்து அனுப்ப முடியாது, உனக்கு நல்ல காலம். எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் படுதாவில் கொட்டி, நல்லதையும் அழுகினதையும் பிரிக்க உட்கார்ந்தோம். அப்பா, அம்மா, நான். ஒன்றை அமுக்கினால் விரல் உள்ளே போனது. அப்பா அழுகின ஒன்றைத் தூக்கி எறிந்தார்.

"அந்த மெசேஜை எழுதினவன் மட்டும் கையில கெடைச்சான்னா."

"கெடைச்சா என்னங்க பண்ணுவீங்க?" என்றாள் அம்மா.

"அடிக்கல்லாம் மாட்டேன். இந்த அழுவல் அத்தனையையும் அவனையே பொறுக்க வெப்பேன்."

நான் சொன்னேன், "பொறுக்கிக்கிட்டுதான்பா இருக்கேன்."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையில் இருந்த வெங்காயத்தை என்மேல் எறிந்தாள், நல்ல வெங்காயம், வலித்தது. "குடும்பத்துல புளுக எந்தம்பி ஒருத்தன் போதாதுன்னு இவ வேற" என்று ஆரம்பித்து, என் தலைமுறைக்கு முந்தின தலைமுறை வரைக்கும் திட்டினாள். அப்பா பத்து, பதினைந்து வெங்காயத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"கடையில நான் கேட்டனே, அப்ப?"

"அப்பவும் தெரியும்பா."

"மெசேஜ் வெளையாட்டு. ஒத்துக்கறேன். ஒங்க மாமனுக்கு வேணும்தான். ஆனா நான் ஒன்ன மொகத்தைப் பாத்துக் கேட்டேன்ல. அது வெளையாட்டு இல்லயே."

அதோடு சரி. அடிக்கவில்லை, கத்தவில்லை, போனைப் பிடுங்கவில்லை. என்னைக் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார். அதற்கு முன்னால் எல்லாமே என்னைக் கேட்பார். மழை வருமா என்று போனில் பாரு பாப்பா, இந்த மருந்து டப்பாவில் என்ன போட்டிருக்கு, பேங்கிலிருந்து வந்த மெசேஜ் என்ன சொல்லுது. அன்றிலிருந்து மணி என்ன என்றுகூட என்னிடம் கேட்கவில்லை. மருந்து டப்பாவைக் கண்ணுக்கு அருகில் வைத்து அவரே எழுத்துக்கூட்டினார். சாப்பிட்டியா என்பார், படிச்சியா என்பார். அதெல்லாம் விசாரிப்பு. ஒரு விஷயத்தை என் சொல்லை நம்பி முடிவு பண்ணுவது இருக்கிறதே, அது போய்விட்டது. அந்த வருஷம் மிஞ்சின விதையைப் பாதி நிலத்தில் ஊன்றி, மீதியில் மக்காச்சோளம் போட்டார். மக்காச்சோளம் ஆள் உயரம் வளர்ந்து, நான் பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் பாதை ஓரமாக நின்று என்னைப் பார்த்தது.

ஆடியில் என்னை மெஹர் அக்கா கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "சொல்லு" என்று மட்டும் சொன்னார். நான் சொன்னேன். அக்கா முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நீ எழுதினதுல வெல கொறையும்ங்கறது பொய்யில்ல பாப்பா. தேதிதான் பொய்." அன்றைக்கு அவரைச் சந்தேகப்பட்டதற்காக அப்பாவும் அக்காவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா, "விடுங்கண்ணே, டீ சொல்லவா" என்று முடித்துவிட்டார்.

அதன்பிறகு என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானே ஆரம்பித்தேன். ஸ்கூல் லேபில் சார் கையைக் காலைப் பிடித்து, காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டுகிற ஒரு சின்னக் கருவியை இரவல் வாங்கினேன். கொட்டகைக்குள் மாட்டி, வெங்காயம் வந்த பிறகு, காலையிலும் மாலையிலும் மழை நாளிலும் குறித்துவைத்தேன். ஒன்று தெரிந்தது. ஃபேன் விடிய விடிய ஓட வேண்டியதே இல்லை. பகல் வெயிலில் தகரம் காய்ந்து, பொழுது சாய்ந்ததும் சட்டென்று குளிரும்போதுதான் உள்ளே வியர்க்கிறது. அந்த இரண்டு, மூன்று மணி நேரமும், விடியுமுன் கொஞ்சமும் காற்று இருந்தால் போதும். நாலு ஃபேனும் வேண்டாம், இரண்டே போதும். பகலில் நாலையும் முழு வேகத்தில் ஓடவிட்டுக் குவியலை நன்றாக உலர்த்திவிட்டால், ராத்திரிக்குத் தேவை இன்னும் குறைகிறது. அப்படியென்றால் அப்பாவை நெஞ்சில் கை வைக்கவைத்த பெரிய பெட்டி தேவையே இல்லை. அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு, அப்பாவிடம் கொடுக்கத் தைரியம் இல்லாமல், மெஹர் அக்காவிடம் கொடுத்தேன். அக்கா இரண்டு இடத்தில் திருத்தி, அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்பா காகிதத்தை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு அக்காவைக் கேட்டார், "இது சரியாம்மா?" நான் பக்கத்தில்தான் நின்றேன். "சரிதாண்ணே." வாங்கினார்.

உனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் நாட்டு நடப்புச் சொல்லிவிடுகிறேன், நீ படிக்கும்போது இதெல்லாம் பழைய கதையாக இருக்கும். நம் நாட்டுக்கு வெயிலில் பஞ்சம் இல்லை, ஆடியில் காற்றிலும் பஞ்சம் இல்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வருகிற சோலார் கரண்டு, மாசியில் ஊரே எடுத்த வெங்காயம் மாதிரி, குவிந்து கிடக்கும், கேட்பார் இருக்கமாட்டார்கள். ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் லைட்டும் மிக்ஸியும் டீவியும் ஒன்றாகப் போடும்போது ஐப்பசி வெங்காயம் மாதிரி, தேடினாலும் கிடைக்காத பண்டம் ஆகிவிடும். அரியலூர் சிமெண்ட் ஆலைக்கு ராத்திரி லீவு கிடையாது. நடுவில் தேவை ஒரு பட்டறை, அவ்வளவுதான் பிரச்சினை. டீவியில் கோட்டு போட்டவர்கள் உட்கார்ந்து, பேட்டரி விலை அதிகம், நம்மை மாதிரி ஏழை நாடு பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். எனக்கு அந்த வசனம் நன்றாகத் தெரியும், நானே கடையில் நின்று பேசியிருக்கிறேன். பொறுப்பதற்கும் ஒரு விலை உண்டு, அது பில்லில் வராது, கொட்டகைக்குள் வரும். காத்து இருந்தால் வெங்காயம் பிழைக்கும், காத்திருந்தால் அழுகும். அதற்காக இருப்பதிலேயே பெரிய பெட்டியாகப் பார்த்து வாங்கு என்றும் சொல்லமாட்டேன். முதலில் எதை எப்போது சேர்த்துவைக்க வேண்டும் என்று அள. வெயில் இருக்கும்போதே செய்துவிடக்கூடிய வேலையை ராத்திரிக்கு எடுத்துவைக்காதே. பகலில் மேட்டுத் தொட்டிக்கு ஏற்றிய தண்ணீர், கரண்டு இல்லாத நேரத்திலும் தானாக வயலுக்கு இறங்கும், தொட்டியும் ஒரு பேட்டரிதான். பச்சைமலையைப் பார்க்கும்போதெல்லாம், மேலே ஒரு குளம் கீழே ஒரு குளம் வெட்டி, பகலில் ஏற்றி இரவில் இறக்கினால் எத்தனை ஊருக்கு ஆகும் என்று எனக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறது. இதையெல்லாம் செய்து முடிக்கிற ஆட்களில் நானும் ஒருத்தியாக இருப்பேன். இது மெசேஜ் இல்லை, நம்பலாம்.

இந்த வருஷச் சித்திரையிலும் மழை பிடித்தது, மூன்று நாள். நாலாம் நாள் காலை அப்பா பூட்டைத் திறந்து, குவியலுக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தார். தோல் சலசலவென்று காகிதம் மாதிரி உதிர்ந்தது. அம்மா, "நல்லாருக்குங்க" என்றாள். அப்பா தலையை ஆட்டினார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனியில் நிலம் முழுக்க எங்கள் விதையையே ஊன்றினோம்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவிலிருந்து மூன்று பேர் கொட்டகையைப் பார்க்க வந்தார்கள். அவர்களுக்கும் கட்டவேண்டுமாம். சுவரைத் தட்டினார்கள், ஃபேனைப் போடச் சொல்லிப் பார்த்தார்கள், பேட்டரிப் பெட்டியைச் சுற்றிச்சுற்றி வந்தார்கள். அதில் ஒருவர் அப்பாவிடம் கேட்டார், "ஏன் பங்காளி, இந்தப் பொட்டி வெல அடுத்த வருசம் இன்னுங் கொறையும்னு சொல்றாங்களே. பொறுத்து வாங்கலாமா?"

அப்பா திரும்பி, வாசலில் நின்றிருந்த என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன பாப்பா, கொறையுமா?"

ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது அந்த மாதிரி ஒரு கேள்வி என்னிடம் வந்து. நாக்கு நுனியில் நாலு நக்கல் பதில் வரிசையில் நின்றது, கெட்டிக்காரத்தனமாக ஒரு பெரிய பதிலும் நின்றது. எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"கொறையும்னுதான் நெனைக்கிறேன்பா. எப்ப, எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்த வெல வர்றதுக்குள்ள ஒரு மழை வந்துரும். அது தெரியும். சின்னதா இப்ப மாட்டிக்கிட்டு, வெல கொறையக் கொறையச் சேத்துக்கலாம்."

அப்பா அவர்கள் பக்கம் திரும்பி, "அவ சொன்னா சரியா இருக்கும். அதுமாதிரி செய்ங்க" என்றார். சொல்லிவிட்டு ஃபேன் பட்டனை அணைக்கப் போய்விட்டார்.

உன்னையும் ஒரு நாள் யாராவது முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள், உன் பதிலை நம்பி எதையோ பணயம் வைத்து. விளையாட்டை அதற்கு முன்னால் முடித்துக்கொள், அல்லது அதற்குப் பின்னால் ஆரம்பி. தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல். மற்றபடி உன் மாமாக்களை நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள், அதில் நான் தலையிடமாட்டேன்.

இன்னும் அம்மா ஆகாத,
உன் அம்மா